காய்ச்சலுக்கு வல்லுநர் அமைப்பு: எதைத் தட்டினாலும் டெங்கு என்றே வருகிறது

#1 பாகூர்ப்பையன்
வணக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காய்ச்சல்காரர்களை முதலில் பார்க்கும் செவிலியருக்காக ஒரு வல்லுநர் அமைப்பு (நிபுணர் அறிவை விதிகளா வச்சு முடிவு சொல்லும் நிரல்) எழுதிட்டு இருக்கோம். டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் என்கிற ஸ்க்ரப் டைபஸ், டைபாய்டு, மலேரியா, ஆக 5 நோய். கிளிப்ஸ் என்கிற விதிமொழியில் 140 சொச்சம் விதி, ஒவ்வொன்றுக்கும் மைசின் (1970களில் ஸ்டான்ஃபோர்டில் எழுதின, தொற்றுநோய்க்கான வல்லுநர் அமைப்பு) பாணியில் உறுதி எண், அதாவது அந்த அறிகுறி அந்த நோயை எவ்வளவு ஆதரிக்குதுன்னு −1 முதல் 1 வரை ஒரு எண். கடலூர், பண்ருட்டி, பாகூர் பக்கம் ஐப்பசியிலிருந்து தை வரைக்கும் வரும் காய்ச்சல்தான் இலக்கு.

தலைவலி, உடம்புவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, குமட்டல் இந்த நாலைத் தட்டினாலே டெங்கு 0.76 வந்துடுது. எலிக்காய்ச்சலும் ஸ்க்ரப்பும் அதுக்குப் பக்கத்திலேயே நிக்குது. எண்களைக் குறைச்சா எல்லாம் சேர்ந்தே இறங்குது, வரிசை மாறலை. தப்பு எங்கே?

#2 விதிக்காரன்
எண்ணில் இல்லை தம்பி, சேர்க்கிற விதத்தில் இருக்கு. மைசின் சூத்திரப்படி இரண்டு நேர்மறை எண் சேர்ந்தால் அ + ஆ × (1 − அ). நாலு அறிகுறிக்கும் ஆளுக்கு 0.3 போட்டிருப்பீங்க. 0.3, அப்புறம் 0.51, அப்புறம் 0.657, நாலாவதில் 0.76. சரியா உங்க எண்ணே வருது.

ஒவ்வொரு சான்றும் தனித்தனியா வந்ததுன்னு நினைச்சுத்தான் அந்தச் சூத்திரம் கூட்டுது. தலைவலியும் உடம்புவலியும் தனித்தனிச் சான்று இல்லை. காய்ச்சல் அடிச்சா இரண்டும் சேர்ந்தே வரும், எந்தக் காய்ச்சலானாலும். ஒரே சாட்சியை நாலு பேர்ல கூண்டில் ஏத்திட்டீங்க.

செய்ய வேண்டியது இது. ஒரு விரிதாளில் நோய்களை நெடுக்கிலும் அறிகுறிகளைக் கிடக்கையிலும் போடுங்க. ஒரு அறிகுறி ஐந்து நோயிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வருதுன்னா அந்த வரிசையை அடிச்சுடுங்க. மிச்சமிருப்பதில் சேர்ந்தே வருபவற்றை ஒரு கட்டாக்கி, கட்டுக்கு ஒரே விதி, உள்ளே இருப்பதில் பெரிய எண் மட்டும். 140 விதி பாதியாகக் குறைஞ்சா கவலைப்படாதீங்க. கடைசியில் நிற்க வேண்டியது பிரிச்சுக் காட்டுற விஷயங்கள்தான்: பீளை இல்லாமல் கண் சிவந்திருப்பது, கெண்டைக்கால் தொட்டாலே வலி, மஞ்சள் காமாலை, சிறுநீர் குறைவு, உண்ணி கடிச்ச இடத்தில் கருந்தழும்பு, ஈறில் ரத்தம், நாள்விட்டு நாள் குளிர்நடுக்கம்.

எதிர்மறைச் சான்றை எப்படிச் சேர்க்கிறீங்கன்னும் பாருங்க. மைசினின் முதல் வடிவத்தில் ஆதரவையும் எதிர்ப்பையும் தனியாகத் திரட்டி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிச்சாங்க. ஒன்பது பத்து ஆதரவு சேர்ந்து 0.999 ஆனாலும், 0.8 அளவில் ஒரே ஒரு எதிர்ப்பு வந்தால் 0.199 என்று படுத்துடும். மைசினில் வெட்டுவரம்பு 0.2, ஆகவே அந்த நோயே பட்டியலிலிருந்து காணாமல் போகும். பிறகுதான் வித்தியாசத்தை (1 − இரண்டில் சிறிய எண்) ஆல் வகுக்கும் சூத்திரம் வந்தது. நிறைய பாடக்குறிப்புகளில் இன்னும் பழையதுதான் ஓடுது.

#3 கெடிலக்கரை (பொது மருத்துவம்)
கணக்கு சரி. அதைத் திருத்தினாலும் அமைப்பு கேட்கும் கேள்வி தவறாகவே இருக்கும். டேப்லெட்டில் "டெங்கு 0.76" என்று வந்தால் செவிலியர் அதை வைத்து என்ன செய்வது? நோயின் பெயரைத் திரையில் காட்டுவதையே விட்டுவிடுங்கள். நாலே முடிவு போதும்: உடனே 108, இன்றே மேல்மருத்துவமனை, இன்று இந்தப் பரிசோதனை, நாளை மறுபடி வரச் சொல். ஐந்து நோய்க்கும் இந்த நாலில்தான் வித்தியாசம் இருக்கிறது.

இரண்டாவது, உங்கள் விதிகளில் நாள் இல்லை. காய்ச்சலில் எல்லாம் நாளைப் பொறுத்தது. முதல் 5 நாளுக்குள் வந்தால் டெங்குவுக்கு என்.எஸ்.1 (வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை), மலேரியாவுக்கு ரத்தத் தடவல் (கண்ணாடியில் ரத்தம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது), முழு ரத்த எண்ணிக்கை. அந்தக் கட்டத்தில் ஐ.ஜி.எம். (நோய்க்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புப் புரதம்) எதை எடுத்தாலும் நெகட்டிவ் வரவே வாய்ப்பு அதிகம், அந்த நெகட்டிவுக்குப் பொருளும் இல்லை. 5 நாள் தாண்டினால் டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் மூன்றுக்கும் ஐ.ஜி.எம். எல்லைக் கோட்டில் வந்தால் என்.எஸ்.1, ஐ.ஜி.எம். இரண்டும்.

"எத்தனை நாளா காய்ச்சல்?" என்று எண்ணை வாங்காதீர்கள். காய்ச்சல் வந்த நாளை ஒருவர் 1 என்பார், இன்னொருவர் அடுத்த நாளிலிருந்து எண்ணுவார். எந்தக் கிழமை, காலையிலா ராத்திரியிலா என்று கேட்டுத் தேதியாக வாங்குங்கள். நாளைக் கணினி எண்ணட்டும்.

மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும் விஷயம். "இப்போது காய்ச்சல் இல்லை" என்பதற்கு நீங்கள் எதிர்மறை எண் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கும்போது, பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது, ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறது, பிளேட்லெட் சடசடவென இறங்குகிறது. கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும், வீட்டில் உள்ளவர்கள் "ஜுரம் விட்டுடுச்சு" என்பார்கள். உங்கள் அமைப்பு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடும். பாராசிட்டமால் போட்டு ஒரு மணி நேரத்தில் வந்தவருக்கும் வெப்பமானி ஒன்றும் காட்டாது. ஆகவே வெப்பநிலைக்குப் பக்கத்தில் "கடைசியாகக் காய்ச்சல் மாத்திரை எப்போது" என்று ஒரு பெட்டி கட்டாயம்.

2009 உலக சுகாதார நிறுவன வழிகாட்டியில் எச்சரிக்கை அறிகுறிகள் தெளிவாகவே இருக்கின்றன: வயிற்றில் வலி அல்லது தொட்டால் வலி, விடாத வாந்தி, வயிற்றிலோ நெஞ்சிலோ நீர் சேர்வது, ஈறு, மூக்கு போன்ற இடங்களில் ரத்தம், சோர்ந்து கிடப்பது அல்லது நிலைகொள்ளாமை, கல்லீரல் 2 செ.மீ.க்கு மேல் பெரிதாவது, பிளேட்லெட் வேகமாக இறங்கும்போதே ஹீமட்டோக்ரிட் ஏறுவது. இவற்றுக்கு உறுதி எண் எதற்கு? ஒன்று இருந்தாலும் மேல்மருத்துவமனை.

#4 ஸ்லைடு மாஸ்டர்
ஆய்வக முடிவை "பாசிட்டிவ் / நெகட்டிவ்" என்று ஒரே பெட்டியில் வாங்கினால் பிறகு சிரமம். குறைந்தது மூன்று வேண்டும்: எந்த முறை, மாதிரி எடுத்த தேதி, முடிவு. மாதிரி எடுத்த தேதிதான் முக்கியம். முடிவு இரண்டு நாள் கழித்து ஏறினால், ஏற்றிய தேதியை வைத்து அமைப்பு நாள் எண்ணிவிடும், 4ஆம் நாள் ஐ.ஜி.எம். நெகட்டிவை 6ஆம் நாள் நெகட்டிவாக எடுத்துக்கொள்ளும்.

கார்டு டெஸ்டும் (உடனடிப் பட்டைச் சோதனை) எலைசாவும் (ஆய்வகத்தில் எந்திரம் வைத்துச் செய்வது) வேறு வேறு குறியீடு. டெங்குவை உறுதி செய்ய தேசியத் திட்டம் எலைசாவைத்தான் ஏற்கிறது.

மலேரியா கார்டில் ஹெச்.ஆர்.பி.2 (மலேரியாக் கிருமியின் புரதம்) கோடு, சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரம் பாசிட்டிவ் காட்டிக்கொண்டே இருக்கும். "போன மாதம் மலேரியாவுக்கு மருந்து சாப்பிட்டீர்களா?" என்ற கேள்வி இல்லாமல் அந்த விதியைப் போடாதீர்கள். ஆம் என்றால் தடவல்தான் தீர்ப்பு.

விடால் (டைபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை): டைட்டர் எண் (எத்தனை மடங்கு நீர்த்தும் வினை தெரிகிறது என்பது) இல்லாத விடாலை அமைப்பு வாங்கவே கூடாது. முதல் வாரத்தில் பயன் இல்லை. ஒற்றை டைட்டரும் நம் பக்கம் பலவீனமான சான்று, முன்பு வந்த தொற்றின் மிச்சமே பலருக்கு இருக்கும். 7–10 நாள் இடைவெளியில் இரண்டு மாதிரி, நாலு மடங்கு ஏற்றம் இருந்தால் எடை கொடுக்கலாம். முதல் வாரத்தில் ரத்தக் கல்ச்சர், அதுவும் ஆன்டிபயாடிக் தொடங்குமுன்.

வெயில்-ஃபெலிக்ஸ் (ஸ்க்ரப்புக்கான பழைய ரத்தப் பரிசோதனை) நெகட்டிவை வைத்து ஸ்க்ரப்பைத் தள்ளும் விதி இருந்தால் தூக்குங்கள். உணர்திறன் குறைந்த, நோய் உள்ளவர்களையும் தவறவிடும் பரிசோதனை.

பிளேட்லெட் திடீரென 30,000 என்று வந்து, ஆள் நன்றாக இருந்தால்? ஈ.டி.டி.ஏ. (ரத்தம் உறையாமலிருக்கப் போடும் பொருள்) குழாயில் பிளேட்லெட் கட்டிக்கொண்டாலும் எந்திரம் குறைத்துத்தான் எண்ணும். "தடவலில் பார்த்தாச்சா" என்று ஒரு கேள்வி வரட்டும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை எச்சரிக்கையை அணைக்க வேண்டாம்.

#5 பாகூர்ப்பையன்
நன்றி டாக்டர், நன்றி சார். வெப்பநிலை விதியில் நீங்க சொன்ன மாதிரியேதான் −0.4 போட்டிருக்கு. எடுத்துட்டோம்.

இன்னொரு விசித்திரம். 8 நாள் காய்ச்சல், முந்திரித் தோப்பில் சருகு அள்ளுற வேலைன்னு கொடுத்தும் ஸ்க்ரப் எதிர்மறைக்குப் போகுது. தழும்பு பத்தின கேள்வியே இன்னும் திரையில் வரலை, அதுக்குள்ள. விதி இப்படி இருக்கு:

விதி: தழும்பு-இல்லை
எனில்: (இல்லாதபோது (அறிகுறி கருந்தழும்பு))
செய்: ஸ்க்ரப் −0.5

#6 விதிக்காரன்
கிளிப்ஸில் அந்த "இல்லாதபோது" என்பதற்கு, அப்படி ஒரு தகவல் நினைவகத்தில் இந்த நிமிடம் கிடையாது என்று மட்டும்தான் அர்த்தம். நோயாளிக்குத் தழும்பு இல்லைன்னு அதுக்குத் தெரியாது. ஓட்டம் தொடங்கின உடனே எந்தத் தகவலும் இருக்காது, விதி உடனே பாய்ஞ்சுடும். புரோலாக் என்கிற தர்க்க நிரல்மொழியிலும் இதே கதைதான்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு வார்ப்புரு, அதில் "நிலை" என்று ஒரு புலம், மூணு மதிப்பு: இருக்கு, இல்லை, பார்க்கலை. இயல்புநிலை "பார்க்கலை". நோயாளி பதிவு திறந்ததும் எல்லா அறிகுறியையும் "பார்க்கலை"யோட உள்ளே போட்டுடுங்க. எதிர்மறை விதி எல்லாம் "நிலை இல்லை" என்பதோட மட்டும் பொருந்தணும். "இல்லாதபோது" என்ற சொல்லை நோயாளி பத்தின விதிகளில் தேடி எடுத்து அத்தனையையும் மாத்துங்க.

கடைசியில் முடிவு காட்டும்போது "பார்க்கலை" என்று நிற்கிற முக்கிய அறிகுறிகளையும் பட்டியல் போடுங்க. செவிலியருக்கு அதுவே பாதி உதவி.

#7 கிராமத்து சிஸ்டர்
தழும்பு விஷயத்தில் மூணு மதிப்பும் பத்தாது தம்பி. "தழும்பு இருக்கா?"ன்னு கேட்டா நோயாளி இல்லைன்னுதான் சொல்வாங்க. வலிக்காது, அரிக்காது, கடிச்சதே தெரியாது. அவங்களே பார்த்திருக்க மாட்டாங்க. "இல்லை"யைத் தட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம், காலையில் ஓ.பி. வரிசை வாசல் வரைக்கும் நிக்கும்போது யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க.

இடம் இடமா டிக் வைங்க: கழுத்து, காதுக்குப் பின்னால், இரண்டு அக்குள், மார்புக்கு அடியில், தொப்புள், இடுப்பைச் சுத்தி, தொடையிடுக்கு, பிறப்புறுப்பு, பின்பக்கம், முட்டிக்குப் பின்னால். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுக்கும் இடமும் மார்புக்கு அடியிலும், ஆண்களுக்கு அரைஞாண் கயிறு இருக்கும் இடமும் விரைப்பையும் கண்டிப்பா. எல்லா இடமும் டிக் ஆனால்தான் "இல்லை" பொத்தானே தெரியணும். பாதி பார்த்திருந்தா "பார்க்கலை"யாவே இருக்கட்டும்.

படம் போடும்போது கருப்புப் பொருக்கு, சுத்தி சிவப்பு வளையம், இதை மட்டும் போட்டா போதாது. அக்குள், தொடையிடுக்கு மாதிரி ஈரமான இடத்தில் பொருக்கு உதிர்ந்து வெளிர்மஞ்சள் புண்ணா மட்டும் இருக்கும், சிரங்குன்னு விட்டுடுவாங்க. இரண்டு படமும் வேணும். திரைக்குப் பின்னால் ஆடை விலக்கிப் பார்க்க இடமும் கூட ஒரு பெண் ஊழியரும் இருக்காங்களான்னு அமைப்பு கேட்க முடியாது, ஆனா அது இல்லைன்னா இந்தக் கேள்வி வீண்.

வேலையைக் கேட்கிற விதமும் பாருங்க. "புதர்ப் பகுதிக்குப் போனீர்களா"ன்னா இல்லைன்னு தலையாட்டுவாங்க. விறகு பொறுக்கினீங்களா, ஆடு மேய்ச்சீங்களா, முந்திரிச் சருகு அள்ளினீங்களா, வெளியில் போறது வயல்வெளிக்கா, இப்படித் தனித்தனியா. எலிக்காய்ச்சலுக்கு: நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, சாக்கடை வேலை, வெள்ளத் தண்ணியில் வெறுங்காலோட நடந்தது, காலில் புண் இருந்ததா. போன இரண்டு மூணு வாரத்தைச் சேர்த்துக் கேக்கணும், நேத்து இன்னைக்கு இல்லை.

#8 முத்தியால்பேட்டை பைதான்
குறுக்கே ஒரு விஷயம். இணையத்தில் கிடைக்கிற மாதிரித் திட்டங்கள் பாதி எக்ஸ்பெர்டா என்கிற பைதான் விதிநூலகத்தில் இருக்கு. பைதான் 3.10, அதுக்கு மேல போட்டா இறக்குமதி வரியிலேயே "கலெக்ஷன்ஸில் மேப்பிங் இல்லை"ன்னு விழும். அது நம்பியிருக்கிற பழைய ஃப்ரோசன்டிக்ட் என்கிற துணை நூலகம்தான் காரணம். 3.9ல ஓட்டுங்க, இல்ல கிளிப்ஸ்பை என்கிற பைதான் இணைப்பு வழியா நேரா கிளிப்ஸையே கூப்பிடுங்க.

விதிக்குள்ளேயே மதிப்பெண் தகவலை மாத்துற விதி இருந்தா முடிவில்லாம சுத்தும். கிளிப்ஸில் ஒரு தகவலைத் திருத்துறதுன்னா பழசை நீக்கிப் புதுசைப் போடுறது. புதுத் தகவல் வந்ததும் அதே விதி மறுபடி பொருந்தும். ஒவ்வொரு சான்றையும் தனித் தகவலாப் போட்டு, "கணக்கில் சேர்த்தாச்சு" கொடியோட ஒரே ஒரு கூட்டும் விதி வைங்க.

#9 பேயஸ் பக்கம்
உறுதி எண்ணெல்லாம் 1970களின் சமரசம். அந்த 0.3 எங்கிருந்து வந்தது? யாரோ ஒருத்தர் மனசுல தோணினது. பேயஸ் முறையில், அதாவது பரிசோதனைக்கு முன்னாடியே அந்த நோய் இருக்க எவ்வளவு வாய்ப்புங்கிற முன்வாய்ப்பை வச்சுக் கணக்குப் போட்டா பருவகாலமும் தானா உள்ளே வந்துடும்.

கணக்குக்காக ஒரு பரிசோதனையை எடுத்துக்கோங்க, உணர்திறன் 80% (நோய் இருக்கிறவங்களில் பாசிட்டிவ் வர்றது), தனித்தன்மை 95% (நோய் இல்லாதவங்களில் நெகட்டிவ் வர்றது). நேர்மறை விகிதம் 80 ÷ 5 = 16. கார்த்திகையில் காய்ச்சல்காரர்களில் 10% பேருக்கு அந்த நோய்னு வச்சா, முன் சாத்தியம் 1க்கு 9. பாசிட்டிவ் வந்தா 16க்கு 9, அதாவது 64%. சித்திரையில் அதே நோய் 1% தான்னா, அதே பாசிட்டிவுக்கு 16க்கு 99, சுமார் 14%. ஒரே கார்டு, ஒரே கோடு, இரண்டு மாசத்தில் இரண்டு அர்த்தம். விதியில் ஒரே 0.8 போட்டு வச்சா இது எப்படித் தெரியும்?

1972ல் இங்கிலாந்தின் லீட்ஸில் டி டோம்பல் என்கிற மருத்துவரின் குழு கடும் வயிற்றுவலிக்கு இதே முறையில்தான் செஞ்சாங்க. 304 நோயாளிகளில் கணினி 91.8% சரி, மூத்த மருத்துவர் 79.6%.

#10 கெடிலக்கரை
அதே அமைப்பு வேறு ஊர் மருத்துவமனைகளுக்குப் போனபோது அந்த அளவு வரவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். லீட்ஸ் நோயாளிகளின் விகிதங்கள் லீட்ஸுக்கு உரியவை.

எனக்கு இன்னொரு கவலை. நீங்கள் ஐந்து நோயையும் ஒன்றை ஒன்று விலக்கும் கட்டங்களாக வைத்து மொத்தத்தை 100 ஆக்கினால், என்.எஸ்.1 பாசிட்டிவ் வந்த நொடியில் டெங்கு ஏறி ஸ்க்ரப் தானாக இறங்கும். மழைக்கால முடிவில் இரண்டும் சேர்ந்து வருவது நடக்கிற காரியம். அக்குளில் தழும்பும் இருக்கிறது, என்.எஸ்.1 கோடும் இருக்கிறது என்றால் இரண்டுக்கும் பார்க்க வேண்டும். டெங்குவுக்கு ஆன்டிபயாடிக் இல்லை, ஸ்க்ரப்புக்கு டாக்ஸிசைக்ளின் தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் என்று இறங்கிவிடும். தவறவிட்டால் வரும் நஷ்டம் இரண்டிலும் ஒன்றல்ல.

#11 விதிக்காரன்
சண்டை வேண்டாம், இரண்டையும் வைக்கலாம். ஒவ்வொரு நோய்க்கும் தனியா "இருக்கு / இல்லை" சாத்தியக் கணக்கு, அஞ்சையும் கூட்டி 100 ஆக்காம. பருவத்துக்கேத்த முன்வாய்ப்பு மாசவாரியா ஒரு அட்டவணையில், நிரலுக்கு வெளியே, மருத்துவர் கையால திருத்துற மாதிரி. அதுக்கு மேல செயல் விதிகள். ஒவ்வொரு நோய்க்கும் வெட்டுவரம்பு வேற: ஸ்க்ரப்புக்குத் தாழ்வா, ஏன்னா தவறவிடறது ஆபத்து, மருந்து மலிவு. பேயஸ் பக்கம் சொன்ன விகிதம் வெளியான ஆய்வுகளில் கிடைக்கிற பரிசோதனைகளுக்கு மட்டும் பேயஸ். தொழில், தழும்பு மாதிரி எண் கிடைக்காத இடத்தில் மருத்துவர்கிட்ட "பலமா, சுமாரா, லேசா" என்று மூணு படியில் கேட்டு, அதுக்கு நிலையான விகிதம் 10, 4, 2 என்று வைங்க. 0.35க்கும் 0.4க்கும் வித்தியாசம் கேட்டா எந்த மருத்துவரும் எரிச்சலாயிடுவாங்க.

ஆனா பேயஸிலும் தலைவலியையும் உடம்புவலியையும் தனித்தனியாப் பெருக்கினா பாகூர்ப்பையன் முதலில் விழுந்த அதே குழிதான். கட்டு கட்டா வைக்கிறது இங்கேயும் உண்டு.

#12 சுண்ணாம்பாறு
இவ்வளவு மெனக்கெடணுமா? சாட்ஜிபிடிகிட்ட தமிழில் சொன்னா அதுவே சொல்லிடுதே.

#13 முத்தியால்பேட்டை பைதான்
ஒரே நோயாளியை இரண்டு தடவை கொடுத்துப் பாருங்க, வரிசை மாறி வரலாம். செவிலியர் அனுப்பாத ஆளுக்கு நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா "எந்த விதி, எந்தத் தகவல், எந்த நிமிஷம்" என்று எடுத்துக் காட்டணும். மைசினில் 1970களிலேயே "ஏன் கேட்கிறாய்", "எப்படி முடிவெடுத்தாய்" என்று இரண்டு கேள்வி கேட்டா விதியோட பதில் வந்துச்சு. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியை ஒரு வேலைக்கு வச்சுக்கலாம்: நோயாளி பேசினதைப் பெட்டிகளில் நிரப்ப. நிரப்பினதைச் செவிலியர் படிச்சு ஒத்துக்கிட்டாத்தான் விதிகளுக்குப் போகணும்.

சட்டமும் இருக்கு. 2020 ஏப்ரல் 1 முதல் நோயறியும் மென்பொருளும் மருத்துவச் சாதனம் என்ற வரையறைக்குள் வந்துடுச்சு. கல்லூரிப் பயிற்சித் திட்டம் வேற, உண்மையான ஓ.பி.யில் வைக்கிறது வேற.

#14 பாகூர்ப்பையன்
எலிக்காய்ச்சலுக்கு மட்டும் நாங்களே விதி எழுதாம, திருத்திய ஃபெய்ன் மதிப்பெண்ணை (அறிகுறிக்கும் சூழலுக்கும் எண் போட்டுக் கூட்டும் எலிக்காய்ச்சல் அளவுகோல்) அப்படியே எடுத்துக்கலாமா? எல்லாம் எண்ணா இருக்கு, வசதியா இருக்கும்.

#15 கெடிலக்கரை
எடுக்கலாம், முதலில் ஒரு டெங்கு நோயாளியை அதில் போட்டுப் பாருங்கள். திடீர்த் தலைவலி 2, காய்ச்சல் 2, 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் 2, தசைவலி 4. மழைக்காலம் 5. தெருவில் தேங்கிய அசுத்தத் தண்ணீர் 4. வீட்டில் ஆடு, 1. மொத்தம் 20. "இருக்கலாம்" என்ற கட்டம் 20லிருந்து 25 வரை. ஆக கார்த்திகையில் கடலூர்ப் பழைய டவுனில் காய்ச்சலோடு வரும் முக்கால்வாசிப் பேர் அந்தக் கட்டத்தில் உட்காருவார்கள்.

மழைக்கு 5 என்பது ஊர் முழுக்கப் போய்ச் சேரும் மதிப்பெண், ஆளைப் பிரிக்காது. அதைப் பருவகால அட்டவணைக்கு மாற்றிவிடுங்கள். தசைவலியை "கெண்டைக்காலை அழுத்தினால் முகம் சுளிக்கிறாரா" என்று பரிசோதித்த பிறகே கொடுங்கள், பொதுவான உடம்புவலிக்குக் கொடுக்காதீர்கள். கண்சிவப்புக்கு 4 உண்டு, அதைக் கீழிமை இழுத்து வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மூன்றையும் செய்தால் அதே மதிப்பெண் உருப்படியாகும்.

#16 பாகூர்ப்பையன்
ஆபத்து அறிகுறிகளுக்கு முன்னுரிமை எண் கொடுத்து முதலில் ஓட விட்டா போதுமா டாக்டர்?

#17 கெடிலக்கரை
முதலில் ஓடினால் போதாது, மற்ற கேள்விகளை நிறுத்த வேண்டும். பெரியவர்களுக்கு: மேல் ரத்த அழுத்தம் 90க்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 22 அல்லது மேல், ஆக்சிஜன் 94க்குக் கீழ், மயக்கமோ உளறலோ, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லை. எது ஒன்று வந்தாலும் திரை சிவப்பாகி அனுப்பும் பக்கத்துக்குப் போக வேண்டும். குழந்தைகளுக்கு அதே எண்ணை வைத்துவிடாதீர்கள். வேகமூச்சு என்பது 2 மாதத்துக்குக் கீழ் 60, 12 மாதத்துக்குக் கீழ் 50, 5 வயது வரை 40. கர்ப்பிணி, கைக்குழந்தை என்றால் வெட்டுவரம்பு பார்க்காமல் மருத்துவரிடம்.

மருந்தளவை அமைப்பு எழுதவே வேண்டாம். ஆனால் மருத்துவர் டாக்ஸிசைக்ளின் தொடங்கியதாகப் பதிவு இருந்தால், 48 மணி நேரத்தில் ஒரு நினைவூட்டல் வரட்டும்: காய்ச்சல் இறங்கியதா? ஸ்க்ரப் பொதுவாக அதற்குள் அடங்கும். அடங்கவில்லை என்றால் முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

அனுப்பும் இடத்தை நிலையத்தை வைத்து அட்டவணையில் வையுங்கள். குறிஞ்சிப்பாடிக்கு மஞ்சக்குப்பம் தலைமை மருத்துவமனை, பரங்கிப்பேட்டைக்கு அண்ணாமலை நகர், பாகூருக்கு ஜிப்மர். "மேல்மருத்துவமனைக்கு அனுப்பவும்" என்று மொட்டையாகப் போட்டால் அலைச்சல்தான்.

#18 பேயஸ் பக்கம்
சோதிக்கிறது பத்தி யாரும் பேசலை. விதி எழுதப் பயன்படுத்தின நோயாளிக் குறிப்புகளையே வச்சுச் சோதிச்சா 95% வரும், அது எதுக்கும் உதவாது. வேற நிலையம், முடிஞ்சா வேற வருஷக் குறிப்புகள். கடைசி வரை காரணம் தெரியாமலே சரியான காய்ச்சல்காரர்களையும் சேர்க்கணும். ஆய்வகம் உறுதி செஞ்சவங்களை மட்டும் எடுத்தா உலகத்தில் அஞ்சு நோய்தான் இருக்குன்னு ஆயிடும்.

மொத்தச் சதவீதத்தைச் சொல்லாதீங்க, நோய்வாரியா எத்தனை தவறினதுன்னு சொல்லுங்க. "60 ஸ்க்ரப் நோயாளிகளில் ஒண்ணுகூடத் தவறலை"ன்னு வந்தாலும், ஒண்ணும் தவறாதப்போ 3ஐ ஆள் எண்ணிக்கையால் வகுக்கிற விதிப்படி 3ஐ 60ஆல் வகுத்துப் பாருங்க. உண்மையான தவறும் விகிதம் 5% வரைக்கும் இருக்கலாம். 300 பேரில் ஒண்ணும் தவறலைன்னாத்தான் 1%ன்னு பேசலாம்.

#19 கிராமத்து சிஸ்டர்
கேள்வி எத்தனைன்னு யாரும் சொல்லலையே. 15 தாண்டினா யாரும் முழுசாத் தட்ட மாட்டாங்க. கடைசிக் கேள்விகளுக்கெல்லாம் வரிசையா "இல்லை" விழுந்திருக்கும், நீங்க அதை நோயாளி சொன்னதுன்னு நினைச்சுப்பீங்க.

#20 விதிக்காரன்
மைசினுக்கும் அதுதான் வினை. 1979ல் வெளியான மதிப்பீட்டில் அதன் சிகிச்சைப் பரிந்துரைகளில் 65% ஏற்கத்தக்கவைன்னு நடுவர்கள் சொன்னாங்க. ஸ்டான்ஃபோர்டின் தொற்றுநோய் ஆசிரியர்களுக்கே 42.5லிருந்து 62.5% வரைதான் கிடைச்சது. அப்படியும் அது வார்டுக்குப் போகலை. ஒரு நோயாளிக்கு அரை மணி நேரம் தட்டச்சு செய்ய யாருக்கு நேரம்?

எந்தக் கேள்வியின் பதில் நாலு முடிவில் ஒண்ணை மாத்துமோ அதை மட்டும் கேளுங்க. இருக்கா, இல்லையா எதைச் சொன்னாலும் முடிவு அதேதான்னா அந்தக் கேள்வி திரைக்கே வரக் கூடாது. ஒவ்வொரு பதிலுக்குப் பிறகும் மிச்சக் கேள்விகளை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்க்கிறது இன்றைய டேப்லெட்டுக்குக் கண்சிமிட்டும் வேலை. ஒரே பொத்தானை ஒரு வினாடிக்குள்ள தொடர்ந்து நாலு தடவை தட்டினா அந்தப் பதில்களை "பார்க்கலை"ன்னு பதிவு பண்ணுங்க.

#21 முத்தியால்பேட்டை பைதான்
பருவகால அட்டவணை வைக்கப் போறீங்கன்னா டேப்லெட் தேதியை நம்பாதீங்க. புயல் நேரத்தில் இரண்டு நாள் மின்சாரம் இல்லாம சார்ஜ் முழுக்க இறங்கி, நெட்வொர்க்கும் வராதப்போ தேதி பழைய வருஷத்துக்குப் போய் நிக்கும். முன்வாய்ப்பு தப்பும், காய்ச்சல் நாள் எண்ணிக்கை எதிர்மறையா வரும். கடைசியாச் சேமிச்ச பதிவின் தேதியைவிட இன்றைய தேதி பின்னால இருந்தா நோயாளி பதிவைத் திறக்க விடாம, முதலில் தேதியைக் கேளுங்க. தொடங்கிய தேதி இன்றைக்குப் பிறகு இருந்தாலும், 60 நாளுக்கு முன்னாடி இருந்தாலும் அதே மாதிரி நிறுத்திக் கேளுங்க.

#22 பாகூர்ப்பையன்
தேதி விஷயம் யோசிக்கவே இல்லை. விரிதாள் போட்டு வெட்டினதில் இப்போ 52 விதி மிச்சம். தழும்புக்கு இடவாரி டிக் சேர்த்தாச்சு சிஸ்டர், காதுக்குப் பின்னால் உட்பட. மாசவாரி முன்வாய்ப்புக்கு எந்தப் பதிவேட்டிலிருந்து எண் எடுக்கலாம்னு யாராவது சொன்னா நல்லது.

#23 ஸ்லைடு மாஸ்டர்
உங்கள் நிலையத்தின் ஆய்வகப் பதிவேடே போதும், மூன்று வருடம் எடுங்கள். மாதவாரியாகப் பாசிட்டிவ் எண்ணிக்கையை எழுதும்போது, அந்த மாதம் அந்தப் பரிசோதனை எத்தனை பேருக்குச் செய்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். கிட் தீர்ந்துபோன மாதத்தில் நோயே இல்லை என்று அட்டவணையில் விழுந்துவிடும்.